கட்டி இல்லாமலும் வரும்

“கட்டி எதுவும் தட்டுப்படலையே, ஆஸ்பத்திரி எதுக்கு?” சேத்தூர், ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்குப் போகும் பெண்களை வீட்டில் உட்காரவைக்கும் பேச்சு இதுதான். லோபுலர் மார்பகப் புற்றுநோய்க்கு இதைவிட வசதியான பேச்சு வேறு கிடையாது.

பால் சுரக்கும் நுண்ணறைகளோடு தொடர்புடைய இந்த வகையில், செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேடரின் புரதம் பெரும்பாலும் காணாமல் போகிறது. செல்கள் திரளாமல் ஒற்றை வரிசையாக ஊடுருவுகின்றன. கைக்குத் தெரிவது வெறும் தடிப்பு. அல்லது காம்பு உள்வாங்கும், தோல் சுருங்கும். மேமோகிராமே கோட்டைவிடலாம்.

ஆகவே மேமோகிராம் ‘நார்மல்’ என்று வந்தாலும், மாற்றம் நீடித்தால் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். மருத்துவர் சொன்னால் எம்.ஆர்.ஐ., அதன்பின் கோர் பயாப்சி (தடித்த ஊசியால் திசு எடுப்பது). மெல்லிய ஊசிச் சோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததோடு நிம்மதியடைய வேண்டாம்.

பயாப்சி அறிக்கையில் வகை, ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளாசிக், ஆல்வியோலர், சாலிட் எனப் பல உட்பிரிவுகள் உண்டு. பிளியோமார்ஃபிக் என்றால் வேகம் அதிகம். வழக்கமான எல்.சி.ஐ.எஸ். (நுண்ணறைக்குள்ளேயே நிற்கும் அசாதாரணச் செல்கள்) மட்டும் இருந்தால் அது புற்றுநோயே அல்ல, பின்னாளைய ஆபத்தின் அறிகுறி. அதைக்கூட விளக்காமல் தாளை நீட்டி அனுப்புகிறவர்களை என்ன சொல்ல!

பயாப்சித் திசுவின் ஸ்லைடும் பிளாக்கும் மறு ஆய்வுக்கு வேண்டும். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். ‘அப்புறம் வாங்க’ என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

பணத்துக்கு நகையை அடகு வைக்கும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று மூன்றோடும் விருதுநகர் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்தபின் ஓடாமல் இப்போதே அட்டை எடுத்துவைக்கலாமே.

மில் தொழிலாளர் பலர் மறப்பது தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யை. புற்றுநோய் அதன் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாண்டுப் பணியும் 156 நாள் சந்தாவும் இருந்தால், சராசரி தினக்கூலியில் 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரை உதவித்தொகை கிடைக்கும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கேட்காமல் யாரும் வீடு தேடி வந்து தரப்போவதில்லை.

லோபுலர் வகை பெரும்பாலும் ஹார்மோன் சார்ந்தது. அதற்கான மாத்திரை 5 முதல் 10 ஆண்டு வரை தொடரும். உடம்பு தேறியதும் பாதியில் நிறுத்துவதுதான் அடுத்த தவறு. ஆண்டுகள் கழித்து வயிறு, சூலகம், எலும்பு என்று எங்கும் தலைகாட்டக்கூடிய நோய் இது. வயிற்று உப்புசத்துக்குப் போனாலும் பழைய அறிக்கையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.