பனியில் மாண்ட மந்தைகளும் பூட்டிக் கிடந்த கதவும்

2013 ஆம் வருஷம் அக்டோபர் முதல் வாரத்தில், அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாகாணத்தின் மேற்குப் பிரதேசத்தில், கோடைப் புல்வெளியை விட்டு இன்னும் திரும்பாமலும், குளிர்காலத்துக்குரிய அடர்ந்த ரோமம் உடம்பில் இன்னும் வளராமலும் இருந்த மாட்டு மந்தைகளின்மீது, முதலில் மழையாகப் பொழிந்து தோலை ஊறவைத்து, பின்பு கடுங்காற்றோடு கூடிய பனியாக மாறி, ஒரு புயல் ஓயாமல் வீசியது. காற்று தள்ளிய திசையிலேயே நடந்த மாடுகள் ஓடைகளில் விழுந்தும், வேலியோரம் பனிக்குவியலில் சிக்கியும் பல்லாயிரக்கணக்கில் மாண்டன. சில வாரங்களில் விலைபோக வேண்டிய கன்றுகளும், அடுத்த வருஷக் கன்றைச் சுமந்திருந்த தாய்ப்பசுக்களும் ஒருங்கே போயின.

அச்சமயம் நஷ்டத்தைச் சொல்லி முறையிடுவதற்குக்கூட மாட்டுக்காரர்களுக்கு இடமில்லை. அந்நாட்டு விவசாய இலாகாவின் கிளை அலுவலகங்கள் கவுண்டி என்னும் மாவட்டந்தோறும் இருந்தும், வரவு செலவுத் திட்டத் தகராற்றினால் அக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய சர்க்காரின் காரியாலயங்கள் பல மூடிக் கிடந்தன. கதவு திறந்திருந்தாலும் பயனிராது. 2008 ஆம் வருஷச் சட்டம் ஏற்படுத்திய கால்நடை நஷ்டஈட்டு ஏற்பாடு 2011 செப்டம்பர் 30 உடன் காலாவதியாகி, அதைப் புதுப்பிக்கும் மசோதா இழுபறியிலேயே இருந்தது. ஆகவே, என்றேனும் ஒரு சட்டம் வரும் என்ற நம்பிக்கை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு, செத்த மாடுகளைப் புதைக்குமுன் புகைப்படம் எடுத்தும், காதுவில்லையின் எண்ணைக் குறித்துக்கொண்டும், கால்நடை வைத்தியரிடம் சான்று வாங்கியும், தம் துக்கத்தையே அவர்கள் கணக்கெழுத வேண்டியதாயிற்று.

2014 பிப்ரவரி 7 ஆம் தேதி கையெழுத்தான விவசாயச் சட்டம் அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கியதோடு, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த நஷ்டங்களுக்கும் பின்னோக்கிச் செல்லும்படி செய்தது. எந்த மந்தையிலும் வருஷத்தில் சில மாடுகள் இயல்பாகவே சாகும் அல்லவா? அந்த அளவைக் கழித்துவிட்டு, அதற்கு மேற்பட்ட சாவுக்குச் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதத்தைச் சர்க்கார் தருகிறது. முழு விலையையும் தராதது குறையென்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வருஷத்துக்கும் மேலாகச் சட்டமே இல்லாதிருந்ததுதான் பெருங்குறை.

வறட்சிக்கோ வேறு வழி. மெல்ல மெல்லப் புல்லைக் கருக்கும் வறட்சிக்குச் சாட்சி சொல்ல, நெப்ராஸ்கா சர்வகலாசாலையிலுள்ள வறட்சி மையம் மத்திய இலாகாக்களோடு சேர்ந்து வியாழக்கிழமைதோறும் வெளியிடும் தேசப்படம் இருக்கிறது. மேய்ச்சல் காலத்தில் ஒரு கவுண்டி அப்படத்தில் கடும் வறட்சி என்ற நிலையில் தொடர்ந்து 8 வாரம் இருந்தால், ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் அளவுக்கு உதவி கிடைக்குமென்றும், வறட்சி முற்ற முற்ற மாதங்கள் கூடுமென்றும் 2014 ஆம் வருஷச் சட்டம் வகுத்தது. ஓர் அதிகாரியின் தயவை எதிர்பார்த்து நிற்காமல், எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு படத்தைக் காட்டி உரிமையோடு கேட்கலாம் என்பதே இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

புயலில் மந்தையை இழந்தவர்கள் மனுக் கொடுக்கத் தொடங்கியது 2014 ஏப்ரல் 15 ஆம் தேதி. அதற்கு வெகு நாள் முன்பே, மொன்டானா முதலிய பக்கத்து மாகாணங்களின் மாட்டுக்காரர்கள் தம் மந்தையிலிருந்து பிரித்துக் கொடுத்த சினைக் கிடாரிகள், லாரி லாரியாக வந்து அந்தப் புல்வெளிகளில் இறங்கியிருந்தன.