காற்புண்ணும் கட்டும் கையும்

ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களில் குடியேறிய நம்மவருள் நாள் முழுதும் நின்றே பிழைப்போர் பலர். சமையற்காரர், பரிமாறுவோர், முடி திருத்துவோர் ஆகியோருள் சிலருக்குக் கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துத் தடித்து, சிறு கீறலொன்று மாதக்கணக்கில் ஆறாப் புண்ணாய் நின்றுவிடுவதுண்டு. எத்தனை களிம்பு தடவினும் பயனில்லை.

இத்தகைய புண்ணிற் பெரும்பாலானவற்றிற்கு மூலம் சிரைகளில் உள்ளது. கெண்டைக்காற் சதை இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ள, சிரைகளினுள் உள்ள சிறு தடுக்கிதழ்கள் அது கீழிறங்காமற் காக்கின்றன. இதழ்கள் பழுதுற்றால் இரத்தம் தேங்கி, கணுக்காலில் அழுத்தம் பெருகும். அதனை வெளியிலிருந்து எதிர்ப்பதே அழுத்தக் கட்டு. 1980களில் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையார் வகுத்த நான்கடுக்குக் கட்டில், கணுக்காலில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமும், முழங்காலருகே அதிற் பாதியளவும் குறியாகும்.

அந்த 40 தாதியின் கையில் இருக்கிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள என் போன்றோர் ‘உறுதியாகச் சுற்றுக’ என்று எளிதில் எழுதிவிடலாம். எவ்வளவு உறுதி என்பதைக் கைதான் கற்கவேண்டும். இழுப்பும் சுற்றும் மிகுந்தால் அழுத்தம் மிகும். கால் பருத்த இடத்தில் குறையும். எனவே ஒரே இழுப்பாகச் சுற்றினாலே மெலிந்த கணுக்காலில் அழுத்தம் கூடுதலாக அமையும். பயிற்சியில், துணிக்கடியில் அழுத்தமானியைச் செருகி, தாதியர் தம் கையின் இழுப்பை எண்ணாகக் கண்டு திருத்திக்கொள்கின்றனர். பாதத்தைச் செங்கோணமாக நிறுத்தி, எலும்பு துருத்தும் இடங்களில் பஞ்சு வைத்து, விரல்களின் அடியில் தொடங்கி, முந்திய சுற்றிற் பாதியை மறைத்தவாறு முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடித்தல் வேண்டும்.

ஆயினும் கட்டுவதற்கு முன்பே ஒரு கண்டம் உண்டு. தமனி அடைபட்ட காலில் இக்கட்டைப் போட்டால் காலே போகலாம். ஆகவே கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பர். விடை 0.8க்குக் குறைந்தால் முழு அழுத்தம் ஆகாது, 0.5க்குக் குறைந்தால் அழுத்தக் கட்டே கூடாது. நீரிழிவுக்காரர்க்குத் தமனி விறைத்து இவ்வெண் பொய்யாக உயர்வதுண்டு. அவர்க்குக் கால்விரலின் அழுத்தத்தையும் அளத்தல் நலம். பஞ்சகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் இரத்தக் குழாய் அறுவைத் துறை இருக்கிறது.

கட்டியபின் விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி பொறுக்க முடியாமற்போனாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. தெலுங்கு அறியாத நேயர்கள் இரு சொற்களையேனும் நினைவிற் கொள்வார்களாக: வலிக்கு ‘நொப்பி’, மரப்புக்குத் ‘திம்மிரி’.