கணக்குப் புதிருக்கு எக்ஸெல் தரும் விடை

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. பாட்டும் படமும் பார்த்தாயிற்று. அடுத்து என்ன? பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு எக்ஸெல் முன் அமருங்கள்.

இதோ ஒரு கணக்கு: ஒரு செவ்வக மனையைச் சுற்றி வேலி போட 200 அடி கம்பி தேவை. மனையின் நீளம் அகலத்தைவிட 20 அடி அதிகம். பரப்பளவு என்ன?

முதலில் கணக்கை நன்றாகப் படியுங்கள். வேலி என்றால் சுற்றளவு. அது அடியில் வரும். தரை என்றால் பரப்பளவு. அது சதுர அடியில் வரும். இந்த இரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இனி எக்ஸெல்லைத் திறக்கவும். பி1 செல்லில் அகலமாக ஏதேனும் ஓர் எண், எடுத்துக்காட்டாக 10 என டைப் செய்யவும். பி2-ல் நீளம்: =பி1+20. பி3-ல் சுற்றளவு: =2*(பி1+பி2). பி4-ல் பரப்பளவு: =பி1*பி2. (பி என்பதை ஆங்கில எழுத்தாக டைப் செய்யவும்.) பி3-ல் 80 வரும். நமக்கு வேண்டியது 200.

எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். எக்ஸெல் 2007 மற்றும் அதன் பின் வந்த பதிப்புகளில் டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ், கோல் சீக் என கிளிக் செய்யவும். பழைய பதிப்புகளிலும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும். எக்ஸெல்லின் டயலாக் பாக்ஸில் செட் செல் பி3, டு வேல்யூ 200, பை சேஞ்சிங் செல் பி1 எனக் கொடுத்து ஓகே தட்டவும். அகலம் 40, நீளம் 60, பரப்பளவு 2,400 சதுர அடி! சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது இதுதான். சென்ட் கணக்கில் வேண்டுமெனில் =பி4/435.6 என டைப் செய்யுங்கள், சுமார் 5.51 வரும்.

வேலி ஒன்று, தரை வேறு

இப்போது டி1-ல் 10, டி2-ல் 20 என டைப் செய்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்து 50 வரை இழுக்கவும். இ1-ல் =100-டி1, எஃப்1-ல் =டி1*இ1 எனக் கொடுத்து இவற்றையும் கீழே இழுக்கவும். எஃப் நெடுவரிசையில் 900, 1600, 2100, 2400, 2500 என வரும். எல்லாவற்றுக்கும் சுற்றளவு 200 அடிதான்! சதுரமாக இருக்கும்போது பரப்பளவு மிக அதிகம்.

இது பரீட்சைக்கு மட்டுமல்ல. “இரண்டு மனைக்கும் ஒரே அளவு வேலிதான் சார்” என்று யாராவது சொன்னால் தலையாட்டி விடாதீர்கள். 20க்கு 80 அடி மனை, 40க்கு 60 அடி மனையைவிட 800 சதுர அடி குறைவு. சதுர அடி 2,000 ரூபாய் என்றால் 16 லட்ச ரூபாய் வித்தியாசம்.

ஒரு வேண்டுகோள். பிள்ளை முதலில் நோட்டில் போட்டுப் பார்க்கட்டும்: 200-ல் பாதி 100; அதில் 20 போக 80; அதில் பாதி 40. விடையைச் சரிபார்க்க மட்டும் எக்ஸெல். பரீட்சை ஹாலில் கோல் சீக் கிடைக்காதே!