நடைப்பயணமும் நீர்க்கடுப்பும்

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால், காவியுடை தரித்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் புறப்படும் கூட்டங்களைச் சேலையூர், தாம்பரம் பகுதி மக்கள் நன்கறிவர். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வழி. காலில் கொப்புளம் கண்டால் பிறரிடம் காட்டி மருந்திட்டுக் கொள்கிறோம். ஆனால், பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத துன்பமொன்று உண்டு. அதுவே நீர்க்கடுப்பு.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய வெட்டவெளியில் மறைவிடம் ஏது? ஆகவே சகோதரிகள் பலர் விடியற்காலையில் ஒரு மிடறு நீர் பருகிவிட்டு, இருட்டும்வரை நாவை நனைப்பதில்லை, சிறுநீரையும் அடக்கிக்கொள்கின்றனர். இதனை ஒறுத்தல் என்று எண்ணுவாரும் உளர். உண்மையில் இது நோய்க்கு நாமே கதவு திறந்து விடுவதாகும்.

இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது, நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி. பெண்களின் சிறுநீர்த் தாரை 4 சென்டிமீட்டர் அளவே நீளமுடையது. ஆண்களுக்கோ ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். எனவே பெண்களின் சிறுநீர்ப்பையைக் கிருமி எளிதில் எட்டிவிடுகிறது. அடிக்கடி நீர் பிரிந்தால் அது அடித்துச் செல்லப்படும்; தேங்கினால் பெருகும். இந்நோய் அடிக்கடி கண்ட, குறைவாக நீர் அருந்தும் 140 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாக அருந்தியவர்களுக்கு நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

"உடல் சூடுதான்" என்று தொப்புளில் எண்ணெய் வைப்பதும், இளநீர், மோர், பார்லிக் கஞ்சி பருகுவதும் நம் வழக்கம். பானங்கள் நல்லவையே, ஆனால், பற்றிய தொற்றை அவற்றால் மட்டும் நீக்கிவிட முடியும் என்று நம்பியிருத்தலாகாது. முன்பு மிஞ்சிய மாத்திரைகளையோ பிறர் தரும் மாத்திரைகளையோ விழுங்குதல் அதனினும் தீது. அடிக்கடி இந்நோய் காண்போர், புறப்படுமுன் மருத்துவரிடம் சென்று, வழியில் நோய் கண்டால் உட்கொள்ள வேண்டிய மருந்தையும் அதன் அளவையும் நாள்களையும் எழுதி வாங்கிக்கொள்வது நலம். மருத்துவமனை எட்டாத மலைக்காடுகளுக்குச் செல்வோர்க்கும் இதுவே வழி.

எரிச்சலும் அடிக்கடி நீர் பிரியும் உணர்வும் தோன்றினால், அன்றே குழுத் தலைவரிடமோ உடன் வரும் மூத்த பெண்ணிடமோ சொல்லுங்கள். குளிர்சுரம், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி ஆகியவை கண்டால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அதற்குமேல் ஓரடியும் நடத்தலாகாது. 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை செல்லுங்கள். கருவுற்றோர், நீரிழிவு உடையோர், ஆண்கள், சிறுவர் ஆகியோர் தொடக்க அறிகுறியிலேயே மருத்துவரைக் காண வேண்டும்.

"நேர்ச்சை முறிந்துவிடுமே" என்று அஞ்சி நோயை மறைப்போர் உண்டு. நோயுற்ற பிள்ளை பேருந்தில் வந்தாள் என்பதற்காக எந்தத் தாயும் முகம் திருப்பிக்கொள்வதில்லை.

குழுவை நடத்தும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கே உண்பது, எங்கே உறங்குவது என்று முன்கூட்டியே திட்டமிடும் நீங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் பெண்கள் ஒதுங்கத் தூய்மையான இடம் எங்கே என்பதையும் ஊர் ஊராகக் கேட்டுக் குறித்து வையுங்கள். பள்ளி, கோயில் வளாகம், பெட்ரோல் நிலையம் எதுவாயினும் ஆகுக. அந்த இடம் உறுதி என்று தெரிந்தாலன்றி, எந்தப் பெண்ணும் மனம் துணிந்து நீர் பருக மாட்டாள்.