அகற்றப்பட்ட கொழுப்பும் அகலாத சீனி வருத்தமும்

ஒக்லண்ட் மாநகரின் வடமேற்கே, பேரங்காடிகளும் புதிய குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் வெஸ்ட்கேட்டில் நம்மவர் இல்லமொன்றிற்கு அண்மையிற் சென்றிருந்தோம். இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்று வீடு திரும்பியிருந்த பெரியவரை நலம் விசாரிப்பதே நோக்கம். அவர் இருபது ஆண்டுகளாகச் சீனி வருத்தத்திற்குக் குளிசை எடுத்து வருபவர். அங்கே வந்திருந்த உறவினர் ஒருவர், “இரைப்பையோட வயித்துக் கொழுப்பையும் வெட்டி எடுத்திட்டினமாம். இனிச் சீனி வருத்தமும் போயிடும். பேந்து குளிசை எதுக்கு?” என்றார். பெரியவரும் ஆமெனத் தலையசைத்தார். மகள் மட்டும் நம் பக்கம் திரும்பி, “உண்மையோ, மாமா?” என்று கேட்டாள்.

இக்கேள்வி அந்த ஓர் இல்லத்திற்கு மட்டும் உரியதன்று. ஆதலால் விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து குடல்களின் மேல் முன்றானைபோலத் தொங்கும் கொழுப்புத் திரையொன்று எல்லோர் வயிற்றிலும் உண்டு. ‘ஒமென்டம்’ என்பது அதன் மருத்துவப் பெயர். இறைச்சிக் கடையில் ஆட்டுக் குடலின்மேல் வலைபோற் படர்ந்த வெண்கொழுப்பைக் கண்டவர்கள் அதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். புற்றுநோய்க் கலங்கள் இத்திரையிற் படிந்து வளரக்கூடியவை. எனவே நோய் இரைப்பைச் சுவரை ஆழமாக ஊடுருவியிருப்பின் திரையையும் சேர்த்து அகற்றுவது வழக்கம். நோய் ஆழமாக ஊன்றாதவிடத்துத் திரையின் பெரும்பகுதியை விட்டுவைக்க ஜப்பானிய வழிகாட்டி நெறிகள் இடந்தருகின்றன. ஆக, இக்கொழுப்பு வெட்டப்படுவது புற்றுநோயை முன்னிட்டேயன்றிச் சீனியை முன்னிட்டன்று.

ஆயினும் அவ்வுறவினரின் எண்ணம் அடிப்படையற்றது எனத் தள்ளிவிடவும் இயலாது. வயிற்றின் உள்ளே சேரும் கொழுப்பு, தோலின் கீழுள்ள கொழுப்பிலும் தீங்கானது. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்களிற் பெரும்பகுதி நேரே ஈரலுக்குச் செல்கிறது. இன்சுலினின் வேலையும் தடைப்படுகிறது. அக்கொழுப்பை வெட்டி எடுத்தால் நீரிழிவு தணியுமா என்று மருத்துவ உலகமே ஆராய்ந்தது. 2002 ஆம் ஆண்டு சுவீடனில் வெளியான சிறிய ஆய்வொன்று, உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சையோடு திரையையும் அகற்றியவர்களுக்குக் கூடுதல் நன்மை கிட்டியதாகக் கூறியது.

ஆனால் பின்னர் வந்த முடிவுகள் அந்த நம்பிக்கையைக் குலைத்தன. 2004 இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள், பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலின் கீழிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்தனர். இன்சுலினின் செயலில் மாற்றமேதும் காணப்படவில்லை. 2010 இல் அதே நகரில் உட்கொழுப்புத் திரையையே அகற்றிப் பார்த்தனர். இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையோடு அகற்றியபோதும், நீரிழிவுள்ளவர்களிடம் தனியே அகற்றியபோதும் பயன் இல்லை. திரை போனாலும், குடலைத் தாங்கும் சவ்வுகளிலும் பிறவிடங்களிலும் உட்கொழுப்பு எஞ்சியே இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாறாயின், இரைப்பை நீக்கப்பட்ட சிலருக்குச் சீனி குறைவது எங்ஙனம்? இது புதிய செய்தியன்று. 1955 இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதனைப் பதிவு செய்துள்ளனர். உணவு சுருங்குகிறது; எடை இறங்குகிறது; இரைப்பையில் தங்காத உணவு சிறுகுடலை விரைந்து அடைவதால் இன்சுலினைத் தூண்டும் ஓமோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. நீண்டகாலம் நீரிழிவோடு வாழ்ந்து, இன்சுலின் சுரப்பு நலிந்தவர்களுக்கு இந்நன்மை குறைவு.

இங்கேதான் ஆபத்து இருமருங்கும் நிற்கிறது. குளிசையைத் தாமாக நிறுத்தினால் சீனி ஏறிப் புண் ஆறுவதும் தடைப்படலாம். பழைய அளவிலேயே தொடர்ந்தால், குறைவாக உண்ணும் உடலில் இன்சுலின் ஊசியோ சிலவகைக் குளிசைகளோ சீனியை அபாயகரமாக இறக்கிவிடலாம். சீனி போட்ட தேநீரோ பாயாசமோ குடித்து ஓரிரு மணி நேரத்தின் பின் வியர்வையும் நடுக்கமும் வந்தால் அதனை வெறும் களைப்பென்று விட்டுவிடக்கூடாது. சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டிய இவர்கள், கந்தசஷ்டி போன்ற விரதங்களை மருத்துவரைக் கேளாமல் நோற்பதும் தகாது. “மெலிந்தது நல்லதுதானே” என்று நாம் பாராட்டும் மெலிவில் தசையும் கரைந்திருக்கிறது.

இந்த நாட்டில் மாவோரிக் குடும்பமொன்றைத் தலைமுறைகளாக வாட்டிய இரைப்பைப் புற்றுநோயின் பரம்பரையலகை, ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்குடும்பத்தாரோடு இணைந்து 1998 இல் உலகிற்கு அறிவித்தனர். அதன்பின் அவ்வலகைச் சுமக்கும் பலர் நோய் முற்றுமுன்னரே இரைப்பையை அகற்றிக்கொண்டு வாழ்கின்றனர். இரைப்பையின்றி வாழலாம் என்பதற்கு அவர்களே சான்று. ஆனால் முழு இரைப்பையையும் இழந்தவர்களுக்கு விற்றமின் பி12 வாழ்நாள் முழுதும் தேவை. ஈரலிலுள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை உடனே வெளிப்படாது. கைகால் விறைக்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கவும் கூடும்.

இவற்றையெல்லாம் மருத்துவரிடம் எந்த மொழியிற் கேட்பது? நியூசிலாந்தில் 1996 முதல் நடைமுறையிலுள்ள நோயாளர் உரிமைக் கோவையின் ஐந்தாவது உரிமை, தேவையானவிடத்து, இயன்றவரையில் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரைப் பெற வழிசெய்கிறது. புற்றுநோய்ச் செய்தியைத் தந்தைக்கு மொழிபெயர்க்கும் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றவேண்டியதில்லை.

நோயற்றவர்களுக்கும் ஒரு சொல். தெற்காசியர் மெலிந்து தோன்றினும் வயிற்றினுள்ளே கொழுப்பைச் சேர்ப்பவர்கள். அதற்குக் கத்தி மருந்தன்று. நீரிழிவின் வாசலில் நின்றவர்களிடையே நடந்து, 2006 இல் வெளியான சென்னை ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 வீதம் குறைத்தன.

நாம் விடைபெறுமுன் மகள் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதியிருந்தாள். எந்தக் குளிசை? எவ்வளவு? யார், எப்போது மாற்றுவார்? அடுத்த கிளினிக்குக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதெனவும் முடிவாயிற்று. பெரியவர் குளிசைப் பெட்டியை மீண்டும் மேசைமேல் எடுத்து வைத்தார்.