மார்கழிக் குளிரும் தென்னங்குருத்தும்



போன தை மாதம் குழுக் கூட்டத்துக்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஓர் உறுப்பினர் எங்களைத் தன் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். குழுவில் கடன் வாங்கி எட்டுத் தென்னங்கன்று வைத்து, ஐந்து வருஷமாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவர் அவர். கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டார். பாளை விடும் நேரத்தில் மூன்று மரங்களில் நடுக்குருத்தே இல்லை. கீழ் மட்டைகள் மட்டும் பச்சையாக நின்றன.

"மார்கழியிலயே குருத்து பழுத்துச்சுங்க. பனி அடிச்சிருக்கு, தை பொறந்து வெயில் வந்தா தெளிஞ்சிரும்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார். உண்மையைச் சொன்னால், மார்கழியில் அந்த வழியாகப் போன நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அது வெறும் பனி அல்ல. குருத்தழுகல் நோய்.

தென்னை வெயில் நாட்டு மரம். சராசரியாக 27 டிகிரி வெப்பம் இருந்தால் நன்றாக வளரும். உறைபனி விழும் ஊட்டியில் தென்னந்தோப்பு கிடையாது. நம்ம ஊர்ப் பனிக்கு மரம் நேராகச் செத்துப்போகாது. ஆனால் ஐப்பசி முதல் தை வரை மழையும் குளிரும் சேர்ந்து வரும்போது, பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற கிருமிக்குக் கொண்டாட்டம். 18 முதல் 20 டிகிரி குளிரும் காற்றில் நிறைந்த ஈரமும் இருந்தால் அது வேகமாகப் பரவும். இளம் மரங்களைத்தான் அதிகம் பிடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி நட்ட கன்றுகளெல்லாம் இன்னும் இளம் மரங்கள்தான் என்பதை டெல்டா பக்கத்துச் சகோதரிகள் மறக்க வேண்டாம்.

வேப்பமரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால் இன்னொரு கிளை துளிர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் அது கிடையாது. உச்சியில் இருக்கும் ஒரே குருத்துதான் அதற்கு உயிர். அது அழுகினால் மரம் முடிந்தது. இதில் நம்மை ஏமாற்றுவது என்னவென்றால், குருத்து செத்த பிறகும் வெளி மட்டைகள் பல வாரம் பச்சையாகவே நிற்கும், காய்கூடத் தொங்கும். 'மரம் நல்லாத்தானே இருக்கு' என்று நாம் விட்டுவிடுவோம்.

அதனால் பார்க்க வேண்டியது கீழே அல்ல, மேலே. கீழ் மட்டை பழுத்துக் காய்வது வயசாவதால், பயம் வேண்டாம். நடுக்குருத்து நிறம் மாறி மஞ்சளோ பழுப்போ ஆனாலும், வாடித் தொங்கினாலும் அன்றைக்கே கவனிக்க வேண்டும். லேசாக இழுத்தாலே குருத்து கையோடு வந்து, அடியில் கெட்ட நாற்றம் அடித்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் காப்பாற்ற வழி உண்டு. கூரான கத்தியால் அழுகிய பாகம் முழுவதையும், வெள்ளையான நல்ல சதை தெரியும்வரை வெட்டி எடுங்கள். அந்த இடத்தில் போர்டோ பசையைத் தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாகக் கலந்தால் பசை தயார். மழைத்தண்ணி இறங்காமல் மேலே பாலிதீன் தாளோ பழைய மண்சட்டியோ கவிழ்த்து, புதுக்குருத்து வரும்வரை வைத்திருங்கள். வெட்டி எடுத்ததை மரத்தடியில் போடாமல் எரித்துவிடுங்கள். கத்தியை நன்றாகக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைக்கவே கூடாது.

பக்கத்து மரங்களுக்குப் போர்டோ கலவை தெளிக்க வேண்டும். மருந்து அதேதான், தண்ணீர்தான் கூடுதல். 100 கிராம் துத்தத்துக்கு 5 லிட்டர், 100 கிராம் சுண்ணாம்புக்கு 5 லிட்டர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ போதும். துரு இல்லாத கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். அதில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. சமையல் பாத்திரத்தை எடுக்கவே வேண்டாம். (பிரான்ஸில் போர்டோ பக்கம் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்கப் பூசி வைத்த சமாச்சாரம் இது. பூசிய கொடியில் நோய் வரவில்லை என்று பார்த்து 1885-ல் மில்லார்டே என்ற அறிஞர் எழுதினார். திருட்டுக்குப் பயந்து பூசியது மருந்தாகிவிட்டது!)

நோய் வரும்வரை காத்திருக்காமல், புரட்டாசியிலேயே மழைக்கு முன்னால் குருத்தும் மட்டை இடுக்கும் நனைய ஒருமுறை தெளிப்பதே நல்லது. ஐந்தாறு வயது மரத்துக்கு ஏணி போதும். மரமேறி கூலிக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. கைத்தெளிப்பான் ஒன்றைக் குழுப் பணத்தில் வாங்கி முறைபோட்டுப் பயன்படுத்தலாமே.

காண்டாமிருக வண்டு துளைத்த குருத்தில் அழுகல் சுலபமாக வரும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியில் உள்ள மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள். செத்த மரத்தை நிற்க விட்டால் அதிலேயே வண்டு முட்டையிடும். வெட்டி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சின்னக் கன்றுகளுக்கு மழை மண் சரிந்து கழுத்தை மூடியிருக்கும். அதைத் தள்ளிவிட்டு, குழியில் தண்ணி நிற்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். கன்று கறுப்பாகச் செழிக்கட்டும் என்று யூரியாவை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். பொட்டாஷும் சேர்ந்தால்தான் மரத்துக்குத் தாங்கும் சக்தி வரும்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கல்யாணம், திருவிழா என்றால் தோரணத்துக்குக் கொல்லை மரத்துக் குருத்தோலையைத்தான் முதலில் வெட்டுகிறோம். ஈரமும் குளிரும் உள்ள மாதத்தில் அந்த வெட்டுக்காயம் கிருமிக்குத் திறந்த வாசல். கீற்று முடையும் சகோதரிகளும் இந்த மாதங்களில் பச்சை மட்டையை விட்டு, கீழே முதிர்ந்த மட்டையை மட்டும் எடுங்கள்.

அந்த உறுப்பினரின் மீதி ஐந்து மரங்களுக்கு அந்த வாரமே குழுவாகச் சேர்ந்து கலவை தெளித்தோம். ஒன்றில் குருத்தை வெட்டிப் பசை தடவிச் சட்டி கவிழ்த்தோம். சித்திரையில் போய்ப் பார்த்தபோது சட்டியின் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் புதுக்குருத்து எட்டிப் பார்த்தது. செத்த மரங்கள் இருந்த இடத்தில் மறுபடி கன்று வைக்க மூன்று குழி வெட்டிப் போட்டிருந்தார்.