படியேறும் நாற்காலி

மலைச்சரிவில் சுமையை ஏற்றுவதும் இறக்குவதும் கேரள–தமிழக எல்லையில் வாழும் மக்களுக்குப் புதியன அல்ல. 1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டிகள் ஓடின. 1908இல் அது சிறு இரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூரை அடைந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது.

தேயிலைப் பெட்டிக்கு வழி கண்ட இதே மலைநாட்டில், வீட்டுக்குள் இருக்கும் பதினான்கு படிகளைக் கடக்க முடியாமல் மாடி அறையிலேயே மாதக்கணக்கில் அடைபட்டிருக்கும் பாட்டிமாரும் தாத்தாமாரும் உண்டு. அவர்களுக்கு வழி காண்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

படி ஏன் பகையாகிறது?

முதுமையில் தொடைத் தசைகள் வலுவிழக்கின்றன, மூட்டுகள் தேய்கின்றன. படி ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் ஏறுவதைவிட இறங்குவதே அதிக ஆபத்தானது. இறங்கும்போது உடலின் முழு எடையையும் ஒரு காலே தாங்கி மெல்லக் கீழே விடவேண்டும். மேலும், தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் சேர்ந்த மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்குக் கீழ்ப்படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் படுக்கையோடு கிடக்க நேரிடலாம். ஆகவே விழுந்தபின் வருந்துவதைவிட, விழாமல் காப்பதே அறிவுடைமை.

நாற்காலி எவ்வாறு ஏறுகிறது?

பழனி மலையில் தண்டவாளத்தின்மேல் ஏறும் விஞ்ச்சைப் பலர் கண்டிருப்பர். அதைக் கம்பிவடம் இழுக்கிறது. வீட்டில் பொருத்தும் படியேறும் நாற்காலியிலும் சாய்வான தண்டவாளம் உண்டு. ஆனால் பெரும்பாலும் இழுக்கும் வடம் இல்லை. தண்டவாளத்தில் பற்கள் வரிசையாக அமைந்திருக்கும். நாற்காலியின் அடியில் உள்ள மின்மோட்டார் ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் பல் தண்டவாளத்தின் பல்லைப் பற்றிப் பற்றி மேலே செல்லும். பற்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் நாற்காலி வழுக்காது. கடைக்காரர்கள் இதனை ‘ஸ்டேர்லிஃப்ட்’ என்பர். 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிரிஸ்பென் என்பவர், படி ஏற இயலாத நண்பர் ஒருவருக்காக இத்தகைய நாற்காலியை உருவாக்கினார் என்று கூறுவர்.

இக்கால நாற்காலிகள் பெரும்பாலும் மின்கலத்தால் இயங்குகின்றன. தண்டவாளத்தின் இரு முனைகளிலும் நாற்காலி நிற்கும்போது மின்கலம் தானே மின்னேற்றம் பெறும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி தடைபடும் இடுக்கி மலைகளில் இது பெரும் வசதியாகும். விளக்கு அணைந்தாலும் நாற்காலி நடுப்படியில் நிற்காது.

முதலில் யாரைக் கேட்பது?

பொருளை வாங்கும் முன், அதில் அமரப்போகிறவரைக் கேட்கவேண்டும். பல வீடுகளில் பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுப்பர். பாட்டியிடம் இறுதியில் அறிவிப்பர். அது முறையன்று. “பூசையறை கீழே இருக்கிறது, நாள்தோறும் ஒருமுறை இறங்கினால் போதும்” என்று அவர் கூறலாம். “என் படுக்கையைக் கீழே போட்டுவிடுங்கள்” என்றும் கூறலாம். இரண்டாவது விடையாயின், நாற்காலியே தேவையில்லாமற் போகலாம்.

அடுத்து, மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கேட்கவேண்டும். முதியவரால் பிடிமானமின்றி நிமிர்ந்து அமர முடியுமா? நாற்காலியிலிருந்து தாமே எழ முடியுமா? விசையை விரலால் அழுத்திப் பிடிக்க முடியுமா? நினைவாற்றல் குன்றியவராயின், இடைவாரை நடுவழியில் அவிழ்த்துவிட்டு எழ முயல்வாரா? இவற்றுக்கான விடைகளே முடிவைத் தரும்.

கேரளத்தில் இதற்கு நல்ல துணை உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பணி, பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்புகளின் ஆதரவோடு செவிலியர் நோயாளிகளின் வீட்டிற்கே செல்கின்றனர். வீட்டின் படியையும் முதியவரின் நடையையும் நேரில் காணும் செவிலியரின் கருத்து, விற்பனையாளரின் விளக்கத்தைவிடப் பயனுள்ளது.

அளவெடுத்தல்

படியின் அகலம், ஒவ்வொரு படியின் உயரம், கால் வைக்கும் பரப்பின் ஆழம், படிகளின் எண்ணிக்கை, திருப்பங்கள், மேலும் கீழும் உள்ள வெற்றிடம் ஆகியவற்றை அளக்கவேண்டும். ஒரு வீட்டில் 14 படிகள் உள்ளன என்க. ஒவ்வொன்றும் 17 செ.மீ. உயரமும் 25 செ.மீ. ஆழமும் கொண்டவை. மொத்த உயரம் 238 செ.மீ.; கிடைநீளம் 350 செ.மீ. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கணக்கிட்டால் சாய்வு நீளம் ஏறத்தாழ 423 செ.மீ. ஆகும். நொடிக்கு 10 செ.மீ. நகரும் நாற்காலி இதனை 42 நொடிகளில் கடக்கும். விரைவு குறைவுதான், ஆனால் முதியவருக்கு அச்சம் தராத வேகம் அதுவே.

படி நேராக இருந்தால் தண்டவாளத்தை நீளத்திற்கேற்ப வெட்டிப் பொருத்தலாம். திருப்பம் இருந்தால், அந்த வீட்டிற்கென்றே வளைத்துச் செய்யவேண்டும். வளைந்த தண்டவாளம் விலை மிகுந்தது. வேறொரு வீட்டிற்குப் பெரும்பாலும் பொருந்தாது.

எல்லா வீட்டிற்கும் பொருந்துமா?

பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இத்தகைய பழைய வீடுகளில் மச்சுக்குச் செல்லும் மரப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதுண்டு. அங்கே தண்டவாளத்திற்கும் நாற்காலிக்கும் இடம் போதாது. அடுத்த வீட்டோடு பொதுவான சுவரை இடித்துப் படியை அகலப்படுத்தவும் இயலாது. முதியவரின் அறையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுவதே அங்குத் தக்க வழி.

மூணாறு, பீருமேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளை ‘லயம்’ என்பர். அவற்றிற்கு மாடி இல்லை; ஆயினும் பல லயங்களிலிருந்து சாலையை அடையச் சரிவான படிகளைக் கடக்கவேண்டும். வீடுகள் தோட்ட நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே தொழிலாளர் தாமே எதையும் பொருத்திவிட முடியாது. அங்கு முதலில் வேண்டுவது இருபுறமும் உறுதியான கைப்பிடி, உடையாத படி, இரவில் ஒளி தரும் விளக்கு ஆகியவையே. வாழ்நாளெல்லாம் கூடை சுமந்து சரிவில் ஏறியவர், முதுமையில் மருத்துவமனைக்குச் செல்லப் பிறர் தோளை எதிர்பார்க்கும் நிலை வரலாகாது. இவற்றை நிறுவனத்திடமும் ஊராட்சியிடமும் கேட்டுப் பெறுவது அவருக்குரிய மதிப்பைப் பெறுவதாகும்.

சாய்தளம் அமைப்பதும் ஒரு வழியே. ஆனால் சக்கர நாற்காலிக்கு 1 பங்கு உயரத்திற்கு 12 பங்கு நீளம் வேண்டும். வாசல் 60 செ.மீ. உயரமாயின், சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் கொள்ளும். சிறிய முற்றத்தில் இது அடங்காது.

பொருத்தும் நாளில் கவனிக்கவேண்டியவை

தண்டவாளத்தைத் தாங்கும் கால்கள் பெரும்பாலும் சுவரில் அல்லாமல் படியிலேயே துளையிட்டுப் பொருத்தப்படும். படி மரமாயின், கரையானோ உளுப்போ உள்ளதா என்று முன்னரே பார்க்கவேண்டும். மின்இணைப்பிற்குப் புவிஇணைப்பு உள்ளதா என்று மின்பணியாளர் சோதிக்கவேண்டும். நேரான தண்டவாளத்தைப் பொருத்தச் சில மணிநேரமே ஆகும். பணி முடிந்ததும் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்தல் நலம்:

1. முதலில் வெறும் நாற்காலியை முழுத் தொலைவும் இயக்கவேண்டும். பின்னர் உடல்நலமுள்ள ஒருவர் அமர்ந்து செல்லவேண்டும்.
2. வழியில் ஒரு தலையணையை வைத்தால், கால்பலகை அதனைத் தொட்டவுடன் நாற்காலி நிற்கவேண்டும்.
3. முதன்மை மின்விசையை அணைத்தபின்னும் நாற்காலி இயங்கவேண்டும்.
4. மேல்தளத்தில் நாற்காலி படியிலிருந்து விலகித் தளத்தின் பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளவேண்டும்.
5. மடக்கி வைத்தபின் பிறர் நடந்துசெல்ல இடம் இருக்கவேண்டும்.

பழுது ஏற்பட்டால் பணியாளர் எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் வருவார் என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெறவேண்டும். மண்சரிவால் மலைப்பாதை மூடப்படும் நாள்களும் உண்டு. அந்நாள்களுக்காக, முதியவர் மாடியிலும் கீழேயும் தங்குவதற்கு ஏற்பாடு இருத்தல் வேண்டும்.

முதல் நாள் பயணத்தில் முதியவர் அஞ்சலாம். வீட்டார் ஒருவர் ஒரு படி கீழே நின்றபடி உடன் நடந்தால் அச்சம் தீரும். விசையை அவர் விரலே அழுத்தட்டும். நிறுத்துவதும் செல்வதும் அவர் விருப்பமாகட்டும். பிறரை அழைக்காமல், தாம் நினைத்த வேளையில் வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பதே அந்த நாற்காலி அவருக்குத் தரும் பெரும் பயன்.

அருஞ்சொற்பொருள்

மச்சு – மாடி அறை
உளுப்பு – மரம் உள்ளே அரிக்கப்பட்ட நிலை
இடைவார் – இடுப்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை
சாய்தளம் – படியின்றிச் சரிவாக அமைந்த பாதை

பயிற்சி

1. படி ஏறுவதைவிட இறங்குவது ஆபத்தானது. ஏன்?
2. அக்கிரகார வீட்டிற்கும் லயத்திற்கும் கூறப்பட்ட தீர்வுகள் வேறுபடுவதற்குக் காரணம் யாது?
3. 45 செ.மீ. உயர வாசலுக்கு எத்தனை மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும்?
4. உம் வீட்டில் அல்லது உறவினர் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம், நடமாடுவதற்கு எவ்விடம் கடினமாக உள்ளது என்று கேட்டு, அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக.